சின்னம்மா சொல்லாத பதில்

இராஜபாளையம்
வியாழக்கிழமை

அன்பு மகள் நிலோஃபருக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அத்தாவும் அல்லாஹ்வின் கிருபையில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், டப்ளின் குளிரில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். தினமும் போனில் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டு கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் நீ சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாய், நானும் அதையே சாக்காக வைத்து விட்டுவிடுவேன். எழுதினால் இரண்டு பேருக்கும் தப்பிக்க வழி இல்லை.

அத்தாவுக்கு மூட்டு வலி பரவாயில்லை. தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து டீக்கடை வரை போய் வந்துவிட்டு நடந்தாயிற்று என்கிறார். சத்திரப்பட்டி யூனிட்டில் பேண்டேஜ் துணிக்கு ஆர்டர் நிறைய, சனிக்கிழமையும் போகிறார். மலையில் நல்ல மழை, அய்யனார் கோவில் ஆற்றில் தண்ணீர் வேகமாக வருகிறது என்று ஆட்களை மேலே விடவில்லை. பக்கத்து வீட்டுக் கல்பனா உனக்காகப் புளிச்சக்கீரையில் கோங்குரா தொக்கு போட்டுப் பாட்டிலில் அடைத்து வைத்திருக்கிறாள், பார்சலில் எண்ணெய் கசியும், விமான நிலையத்தில் பிடிப்பார்கள் என்றேன், உங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு ரூல் இருக்கும் மேடம் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, ஆனாலும் அன்று முழுதும் அது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கல்லூரியில் செய்முறைத் தேர்வுகள் முடிந்தன. பிள்ளைகள் முன்பு போலவேதான், அமிலத்தைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் என்று சாதிக்கிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நோன்புக்கு முந்தின வாரம் நீ என்னிடம் ஒரு வேலை சொன்னாய். உலைக்கு அளக்கிற அரிசியில் ஒரு பிடி எடுத்து பாட்டிலில் போட்டு வாரம் ஒருமுறை அங்கே பள்ளிவாசல் சமையலறைக்குக் கொடுத்துவந்தாய் அல்லவா, இப்போது லேப் ஷிஃப்ட் மாறியதால் வாரத்துக்கு இரண்டு நாள்தான் சோறு, மற்ற நாளெல்லாம் கிடைத்ததைத் தின்கிறேன், பிடி அரிசி விட்டுப்போகிறது, என்ன செய்யலாம் என்று சின்னம்மாவிடம் கேட்டுச் சொல்லு என்றாய். நான்கு நாள் கழித்து நான் உனக்குப் பதில் சொன்னேன். அங்கெல்லாம் அது சரிப்படாது, மாதம் ஒருமுறை பேங்கிலிருந்து தானாகப் போகிற மாதிரி செய்துவிடச் சொன்னாள் என்றேன். நீயும் சரி என்றாய். நிலோ, நான் சின்னம்மாவிடம் கேட்கவே இல்லை. அது அவள் சொன்னதல்ல, நான் சொன்னது. அவள் பெயரில் சொன்னால்தான் நீ கேட்பாய் என்று தெரிந்தே சொன்னேன்.

ஏன் என்று கேட்பாய். பொறாமைதான், வேறு நல்ல பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. என் மகள் ஒரு சந்தேகத்தை என்னிடம் கேட்கவில்லை, என்னைத் தபால்காரியாக வைத்து, என் ஓரகத்தியான உன் சின்னம்மா ஹபீபாவிடம் கேட்டாள் என்பது அந்த நான்கு நாளும் எனக்கு ஆறவில்லை. இது இன்று வந்ததில்லை. நாம் எல்லாரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்குப் பக்கத்தில் ஒரே வீட்டில் இருந்த காலம் உனக்கு நினைவிருக்கும். நான் ஆராய்ச்சிக்காக விடியுமுன் மதுரை பஸ் ஏறுவேன், நீ அவளிடம் இருப்பாய். உலைக்கு அளந்த அரிசியில் உன் கையை விட்டு ஒரு பிடி எடுக்கச் சொல்லி, டப்பாவில் போட்டபிறகுதான் மிச்சத்தைக் களைவாள். நான் களைத்துப்போய் வந்து நின்றால் நீ உள்ளங்கையை விரித்துக் காட்டி இன்னைக்கு நான் ஒரு பிடி குடுத்தேன் என்பாய், நான் வாங்கிவந்த படப் புத்தகத்தை அப்புறம்தான் பார்ப்பாய். எனக்கு அந்தக் கையில் ஒன்றும் தெரியாது, அரிசிமாவு ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். ஜகாத் கடமை, அதை நான் எந்த வருடமும் தவறவிட்டதில்லை. ஆனால் தினமும் ஒரு பிடி என்பது கொடுக்கிறவர் தன் மனதைத் தானே தடவிக்கொள்வதற்குத்தான் ஆகும், பசித்தவனுக்கு மாதம் ஒரு மூட்டை வாங்கிப் போட்டால் தீர்ந்தது என்பது என் கட்சி. சிறியதாக இருந்தாலும் விடாமல் செய்வதுதான் அல்லாஹ்வுக்குப் பிரியம் என்று ஹபீபா சொல்லும்போதெல்லாம், நானும் அதைப் படித்தவள்தான் என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். இதை எழுதவும் வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த நினைப்பு எனக்கு இருந்தது உண்மை.

போன மாதம் பேச்சுவாக்கில் நீ சொன்னாய், பேங்கில் போட்டுவிட்டேன், அது பாட்டுக்குப் போகுது, எனக்கு ஞாபகம்கூட இல்ல என்று. நான் கேட்க விரும்பிய வார்த்தைதான் அது, என் கட்சி ஜெயித்த மாதிரிதான். போனை வைத்தபிறகுதான் உறைத்தது. ஐந்து வயதிலிருந்து உன் கையில் இருந்த ஒன்றை நான்தான் பறித்துவிட்டேன், அதுவும் அதைக் கொடுத்தவளின் பெயரைச் சொல்லி.

அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா, நானும் ஒரு டப்பா வைத்தேன். ஹபீபா செய்வதை நான் செய்ய முடியாதா என்கிற வீம்புதான், இதில் பக்தி என்று ஒன்றைத் தேடாதே. முதல் நான்கு நாள் எடுத்தேன். அப்புறம் காலையில் குக்கர் விசில் அடித்தபிறகுதான் ஞாபகம் வரும், வெந்ததில் எப்படி எடுப்பது, நாளைக்கு இரண்டு பிடியாகப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன், அந்த நாளையும் விட்டது. நம் தெருவில் யாரும் வந்து வாங்குவதில்லை என்பதால் வியாழக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்கே கொண்டுபோவதாக ஹபீபாவிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். புதன்கிழமை பார்த்தால் டப்பாவில் கால் பங்குகூட இல்லை. பொன்னி அரிசி மூட்டையிலிருந்து அள்ளி விளிம்பு வரை நிரப்பி மூடினேன். போன வியாழக்கிழமை அதோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன்.

மைமூன் அக்காவை உனக்குத் தெரியும், வெள்ளிக்கிழமை காலை மதரஸா வாசலில் ஊற்றுகிற கஞ்சிக்காக இன்னமும் வீடு வீடாக அவள்தான் டப்பாக்களை வாங்கிப் போகிறாள். சின்னம்மா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து முதலில் ஹபீபாவின் டப்பாவைச் சொளகில் கொட்டினாள். இட்லி அரிசி, பச்சரிசி, வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு ஊறப்போடும் சீரகச் சம்பா, ரேஷன் அரிசி, எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடந்தது. பிறகு என்னுடையது. வெள்ளை வெளேரென்று ஒரே அரிசி. கையால் ஒருமுறை அளைந்துவிட்டு, டீச்சரம்மா, இது பிடி அரிசி இல்ல, மூட்டை அரிசில்லா என்றாள். அவளுக்கு என்னைக் குத்தும் எண்ணம் இல்லை, மீன்காரி மீனைப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னாள். நான் பேசுவதற்குள் ஹபீபா முந்திக்கொண்டு, அக்கா வீட்டுல அவிய ரெண்டே பேருதான, மூணு நேரமும் பொன்னிதான் பொங்குவாக, நீ பேசாம கொட்டு என்றாள். நம் வீட்டில் காலையில் இட்லி என்று அவளுக்குத் தெரியாதா. என்னைக் காப்பாற்றினாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் திரும்பத் திட்டியிருப்பேன்.

மைமூன் அக்கா போனதும் அடுப்படியில் நின்றபடியே ஹபீபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உன் கேள்வியை, நான் சொன்ன பொய்யை, டப்பாவை. அவள் குழம்பைக் கிண்டி முடித்து அடுப்பை அணைத்தாள். பிறகு, எம் பேரைச் சொன்னாக் கேப்பான்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கு என்றாள். கிண்டலாகச் சொன்னாளா, சந்தோஷமாகச் சொன்னாளா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. சந்தோஷமாக என்றுதான் தோன்றுகிறது, அதனால் இன்னும் கொஞ்சம் எரிகிறது.

அவள் உனக்குச் சொன்ன பதிலை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். "அவ காலையில ஓட்ஸு காச்சிக் குடிக்காளாமே, அதுல ஒரு பிடி எடுக்கட்டும். அரிசிதான்னு எங்க எழுதியிருக்கு? தான் எதைத் திங்கப்போறாளோ அதுல இருந்து, தண்ணி ஊத்துறதுக்கு முந்தி. பேங்கு பாட்டுக்குப் போகட்டும், அது வேற, அதை நிப்பாட்ட வேண்டாம். ஆனா கைக்குத் தெரியணும்க்கா. விட்டுப்போன மாசத்துக்கெல்லாம் சேத்துப் போடுதேன்னு ஆரம்பிச்சிராமப் பாத்துக்கோங்க, படிச்ச பிள்ளைல்லா, கணக்குப் போட்டு ஈடுகட்டப் பாப்பா. விட்டா விட்டதுதான். உங்க கொழுந்தன் மதுரையில ஆஸ்பத்திரியில கெடந்தப்ப பதினோரு நாள் நானே எடுக்கல. அந்த வியாழக்கிழமை மைமூன்ட்ட காலி டப்பாவைத்தான் நீட்டினேன்."

அந்தப் பதினோரு நாள் அவள் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியாது. இருபது வருடமாக ஒரு நாள்கூட விடாதவள் என்று நினைத்துத்தான் நான் இவ்வளவு பொறாமைப்பட்டிருக்கிறேன். தெரிந்தபிறகாவது அடங்கும் என்று பார்த்தேன், இல்லை, இப்போது காலி டப்பாவை நீட்டிய அந்தத் தைரியத்தின்மேல் வந்திருக்கிறது. இன்று என் டப்பாவில் மூன்று பிடிதான் இருந்தது, அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். மைமூன் அக்கா அதையும் கொட்டிக்கொண்டு போய்விட்டாள். இதில் என்ன நன்மை எழுதப்படுகிறது என்று எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி உனக்குச் சொல்லவும் மாட்டேன். உன்னிடம் அவள் பெயரில் பொய் சொன்னதற்கு மட்டும் என்னை மன்னித்துவிடு.

இரும்புச் சத்து மாத்திரையை விடாதே, இரவு ஷிஃப்ட் முடிந்து தனியாக நடந்து வராதே, கூட வேலை செய்யும் ஜோயல் காரில் வருவதாகச் சொன்னாயே, அவன் மனைவியும் உடன் வருகிற நாளில் அதிலேயே வந்துவிடு. அல்லாஹ் உன் உடம்புக்கு ஆரோக்கியத்தையும் உன் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும் தரட்டும், உன்னைச் சுற்றி நல்ல மனிதர்களை வைக்கட்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன். அத்தா சலாம் சொல்லச் சொன்னார்.

மறக்காதே, நீ மறுபடி ஒரு பிடி எடுக்க ஆரம்பிக்கிற அன்று எனக்கு முதலில் சொல். சின்னம்மாவுக்கு நீ போன் போட வேண்டாம். நானே பஸ் ஏறிப் போய்ச் சொல்கிறேன், நீ சொன்னதை நீ சொன்னபடியே.

உன் அம்மா
மெஹர்நிஷா