முத்திரையிட்ட வாசலும் பைக்குள் அடங்காத கூடாரமும்

திரு விளங்குக. மலை ஓங்குக, மலைமேல் மழை நிற்க, மழையை நம்பி வாழும் குடிகள் குறைவின்றிப் பெருகுக.

மூன்று சுனைகளுக்கு உரியவரும் மேகம் தங்கும் கோட்டையின் தலைவியுமான நெடும்பொறை நாட்டு அரசி வெண்கோட்டு மாதேவி, மேலைப் படித்துறையில் நிற்கும் தம் படகிலிருந்து, தலைநகரில் வீற்றிருந்து அரசின் வழக்கங்கள் வழுவாமல் காக்கும் நெறிச்சபைப் பெரியோர் ஐவருக்கும் விடுக்கும் ஓலை. ஐவரின் மனையும் மக்களும் நலமே வாழ்க. ஐவரின் சொல்லும் செவியும் ஒன்றுபோல் கூர்மை பெறுக.

உங்கள் ஓலை வந்து சேர்ந்தது. பாசறை அமைச்சராகிய ஆவினங்குடி உடையார் இளநாகர் அரச முத்திரையைத் தம் கையாலேயே உடைத்தார் என்பதும், முத்திரை உடைத்த கை பதவி மோதிரம் அணியலாகாது என்பது பழைய நெறி என்பதும், ஆகவே அவரை நீக்குக என்பதும் அதில் கண்டோம். உங்கள் ஓலைக்கு முன்பே அவருடைய மோதிரம் நம்மிடம் வந்துவிட்டது. உடைந்த அரக்குத் துண்டுகளோடு அதையும் ஒரு வாழையிலையில் பொதிந்து அவரே அனுப்பியிருந்தார்.

ஆயினும் அன்று நடந்தது என்னவென்று நீங்கள் எவரையும் கேட்டதாக உங்கள் ஓலையில் ஒரு வரியும் இல்லை. ஆகவே நாம் கேட்டோம். இளநாகரையும், கூடாரம் பிரித்த ஆட்களையும், உடனிருந்த அயல்நாட்டுத் தூதரையும் தனித்தனியே வினவி, அவர்கள் பேசியதை மெருகேற்றாமல் பேசியபடியே எழுதப் பணித்தோம். இதைப் படிக்கும்போது சபையில் எவரேனும் சிரித்தால் அது குற்றமாகாது.

நமக்கும் கருங்கழி நாட்டுக்கும் நடுவே ஓடும் ஆற்றில், கடலுக்கு அண்மையில் ஒரு மணல்திட்டு இருப்பதை அறிவீர்கள். உடன்பாடு பேச அழைப்பவர் அங்கே கூடாரம் அடிப்பதும், பேச்சு முடிந்ததும் அதைச் சுருட்டிப் பையிலிட்டுக் கட்டுவதும், அது நின்ற வெறுமணலில் மற்ற நாட்டார் உடன்படிக்கை நீர் வார்ப்பதும் நெடுநாள் வழக்கம். கூடாரம் பைக்குள் போகாதவரை அந்த மணலை நாம் பிடித்துவைத்திருப்பதாகப் பொருள். பிடித்த மண்ணில் அவர்கள் ஒரு துளியும் வார்க்க மாட்டார்கள். இம்முறை பேசியது உப்பைப் பற்றி. சென்ற மழைக்காலம் முதல் நம் மலையூர்களுக்கு உப்புப் படகு ஏறவில்லை. கஞ்சியில் போட உப்பின்றி, புளித்த மோரை ஊற்றி நாக்கை ஏமாற்றிக்கொண்டிருக்கும் மக்களுக்கு, அன்று நீர் வார்க்கப்பட்டால் உப்பு. இல்லையேல் அடுத்த மழை முடியும்வரை மோர்.

பேச்சு இனிதே முடிந்தது. விடியலில் நாம் புறப்பட்டபோது வழக்கப்படி கூடாரத்தின் வாசல் திரையைப் பட்டுக்கயிற்றால் கோத்துக் கட்டுவித்து, முடிச்சின் மேல் அரக்கு வைத்து மோதிரத்தைப் பதித்தோம். அரசி உறங்கிய இடத்தில் பிறர் புகலாகாது. அடுத்த பாசறையில் அவர் கையாலேயே வாசல் திறக்கும். இதுவும் நீங்கள் காக்கும் நெறிகளுள் ஒன்று. நம் படகு ஆற்றை எதிர்த்து மேலே சென்றுவிட்டது. கூடாரத்தைப் பிரித்துப் பையிலிடும் வேலை இளநாகருக்கு வந்தது.

இளநாகர் எதையும் வரிசை தவறாமல் செய்பவர். செய்த பின்பு, சரியாகத்தான் செய்தோமா என்று கலங்குபவர். காலில் செருப்பை மாட்டிய பிறகும், எந்தச் செருப்பு எந்தக் காலில் என்று ஒருமுறை குனிந்து பார்க்கும் இயல்பு அவருடையது. அன்றும் அப்படியே முளைகளைப் பிடுங்கி மண் துடைக்கச் செய்தார், கயிறுகளைச் சுற்றிக் கட்டச் செய்தார், வெளியே நின்று கூடாரத்தைத் தாங்கிய கழிகளை உருவித் தனியே அடுக்கச் செய்தார். கூடாரம் மணலில் படுத்தது. பாதிதான் படுத்தது. எஞ்சிய பாதி வெயிலில் புரளும் யானைபோல் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

சுருட்டினார்கள். சுருளச் சுருளக் கூடாரம் பருத்தது. பையின் வாயை நால்வர் விரித்துப் பிடிக்க, மற்றவர்கள் பின்னிருந்து தள்ளினார்கள். கூடாரக்காரர்களின் தலைவன் பொத்தன் பைக்கும் கூடாரத்துக்கும் நடுவே சிக்கிக்கொண்டு, "ஐயா, தலையணை உறைக்குள்ள எருமையைத் திணிக்கிற மாதிரி இருக்குது. அதுவும் எருமைக்கு இஷ்டமில்லை!" என்று கூவினான்.

நீர்க்குடத்தை மடியருகே வைத்துக்கொண்டு தம் படகில் வெற்றிலை மென்றபடி காத்திருந்தார் கருங்கழி நாட்டுத் தூதர் அலர்நங்கை. பெரிய உடம்பும் அதைவிடப் பெரிய குரலும் உடைய அம்மையார். "என்ன இளநாகரே, உள்ள இன்னும் யாராச்சும் தூங்குறாங்களா? எழுப்பிவிட்டுட்டு மடிக்கலாமே!" என்றார்.

"எல்லாரும் கிளம்பிட்டாங்க அம்மணி. கூடாரத்துக்குத்தான் கிளம்ப மனசில்லை."

"மூணு நாளா எங்க மீனைத் தின்னுட்டு அதுவும் கொழுத்துப்போச்சு போல."

ஆட்கள் சிரித்தார்கள். இளநாகரும் சிரித்தார்; ஆனால் உள்ளே கலக்கம் தொடங்கிவிட்டது. நெசவுச்சாலையிலிருந்து வந்தபோது இதே கூடாரம் இதே பைக்குள் தளர்வாகக் கிடந்ததை அவர் தம் கண்ணால் பார்த்திருந்தார். பை சுருங்கியதா, துணி வளர்ந்ததா, அல்லது மடிப்பில் தாம் எதையேனும் விட்டுவிட்டோமா? பையை அளந்தார். கூடாரத்தை அளந்தார். அளந்த கயிற்றின் மேலேயே ஐயம் வந்து, கயிற்றையும் சாணால் அளந்தார். பிரித்து நீளவாக்கில் மடித்துப் பார்த்தார்கள். குறுக்கே மடித்துப் பார்த்தார்கள். எல்லாரையும் அதன் மேல் ஏறி உட்காரச் சொன்னார். ஒரு பக்கம் அமுங்கியது. மறுபக்கம் இருந்தவர்களைத் தூக்கிவிட்டது.

"இந்தப் பக்கம் அமுக்கினா அந்தப் பக்கம் எந்திரிக்குது. என் மாமியார் வீட்டு வழக்கு மாதிரியே இருக்குதுங்க" என்றான் மேலே இருந்த ஒருவன்.

"உன் மாமியாரைக் கூட்டிட்டு வந்திருந்தா அவங்களே ஒரு சத்தத்துல அடக்கியிருப்பாங்க" என்றான் பொத்தன்.

இதற்குள் பொழுது சாய்ந்தது. கடலின் ஓதம் ஆற்றுக்குள் ஏறத் தொடங்கியது; திட்டின் ஓரத்து மணல் நனைந்து கறுத்தது. அலர்நங்கை வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கரையில் இறங்கினார். அவர் குரல் மாறியிருந்தது.

"விளையாட்டுப் போதும் இளநாகரே. இந்தத் தண்ணியை ஊத்தத்தான் நான் வந்தேன். ஆனா வாய் கட்டின பையைப் பாக்காம ஊத்தினேன்னு வைங்க, எங்க ஊர்ல என்னைக் கரையேற விடமாட்டாங்க. திட்டு முழுகிட்டா நான் கிளம்பிடுவேன். அப்புறம் உங்க மேல கோவமில்லை, அடுத்த மழை முடிஞ்சு பாக்கலாம்."

இளநாகர் பொத்தனையும் ஆட்களையும் இன்னொரு முறை ஏறி அமரச் சொல்லிவிட்டு, கூடாரத்தைச் சுற்றி மெல்ல நடந்தார். வாசல் இருந்த பக்கம் வந்தபோது, இறுகக் கோத்த பட்டுக்கயிறு நுழைந்த துளைகளிலிருந்து சீழ்க்கை போன்று ஒரு மெல்லிய ஓசை வந்தது. குனிந்தார். அவர் மீசை அசைந்தது.

பெரியோர்களே, சென்ற ஆண்டு மழையில் நம் படுக்கை நனைந்தபோது, பழைய கம்பளிக் கூடாரத்தை நீக்கிப் புதியதைச் செய்வித்தவர்கள் நீங்களே. நூல்துணிக்கு மெழுகும் குங்கிலியமும் ஊட்டச் சொன்னீர்கள். ஈரமும் பூரானும் புகாதபடி தரைத்துணியையும் சுவரோடு சேர்த்தே தைக்கச் சொன்னீர்கள். நன்றே செய்தீர்கள், நாம் நனையவில்லை. ஆனால் கம்பளி மூச்சு விடும், மெழுகுத்துணி விடாது. பழைய கூடாரத்துக்கு அடிப்பக்கம் திறந்திருக்கும். புதியதற்கு இருப்பது வாசல் ஒன்றே. அதை முதன்முதலாக அடித்தது அத்திட்டில்தான்; அந்த வாசலை நாம் இறுகக் கட்டி முத்திரையிட்டுச் சென்றோம். நாள் முழுதும் நம் ஆட்கள் கூடாரத்தைச் சுருட்டவில்லை; காற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கோணூசி இருக்குது ஐயா. நாலு குத்து குத்திவிட்டா புஸ்ஸுனு போயிடும்" என்றான் பொத்தன்.

"குத்தினா அடுத்த மழைக்கு அரசி படுக்கையில நாலு இடத்துல ஒழுகும். புதுசு செஞ்சதுக்கே அர்த்தமில்லாமப் போயிடும். வேண்டாம்."

எஞ்சியது ஒரு வழிதான். அந்த வழி என்னவென்று அவருக்குத் தெரியும். அதன் விலையும் தெரியும். முத்திரை உடைத்த கையைப் பற்றிய நெறியைப் புதிதாய்ச் சேரும் அலுவலர்களுக்கு ஆண்டுதோறும் படித்துக் காட்டுபவர் அவரே. நம்மைக் கேட்டு வர ஆள் அனுப்பினால், அவன் திரும்புமுன் திட்டில் மீன் நீந்தும். தாம் நினைப்பது தவறாக இருந்தால்? காற்றுப் போன பின்னும் கூடாரம் அடங்காவிட்டால்? பதவியும் போய், உப்பும் போய், வேறு காரணம் தேடிக்கொண்டு இருட்டில் நிற்க நேருமே என்று அஞ்சியதாக நம்மிடம் ஒளிக்காமல் சொன்னார். விரலில் மோதிரத்தை ஒருமுறை திருகினார். பிறகு தூதரை அழைத்தார்.

"அம்மணி, கொஞ்சம் கிட்ட வாங்க. நான் செய்யறதை நீங்க கண்ணால பாக்கணும். ஆட்கள் யாரும் செஞ்சதா நாளைக்குப் பேச்சு வரக்கூடாது."

அலர்நங்கை அரக்கையும் பார்த்தார், அவர் முகத்தையும் பார்த்தார். "யோசிச்சுத்தான் செய்யறீங்களா?"

"யோசிச்சா கை பின்வாங்குது. அதனால இப்போதைக்கு யோசிக்கலை."

அரக்கை உடைத்தார். பட்டுக்கயிற்றைத் தளர்த்தினார். கூடாரம் ஒரு பெருமூச்சு விட்டது. அந்த மூச்சில் அவர் தோள்துண்டு பறந்து ஆற்றில் விழுந்தது. மேலே அமர்ந்திருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவராய்ச் சரிந்தார்கள். அவரோ முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். வாசலுக்குள் ஒரு விரலும் வைக்கவில்லை, ஒரு கண்ணும் வைக்கவில்லை. இதற்குக் கருங்கழித் தூதரே சாட்சி.

அதன் பின் அவர் செய்ததைச் சபையோர் கூர்ந்து படிக்க வேண்டுகிறோம். கூடாரத்தைத் தட்டையாகப் பரப்பி, ஒட்டிய மணலைத் துடைத்தார். பையை எடுத்து அதன் மேலேயே வைத்து, பையின் அகலத்துக்குச் சற்றுக் குறைவாக இரு பக்கமும் உள்நோக்கி மடித்தார். பின்சுவரிலிருந்து தொடங்கி, திறந்த வாசலை நோக்கி, ஆட்கள் முழங்காலால் அழுத்தி அழுத்திச் சுருட்ட, எஞ்சிய காற்று தனக்கு முன்னே வழி கண்டு வெளியேறியது. சுருளை இரண்டு இடத்தில் கட்டினார்கள். பையின் வாயைப் பிடித்து நின்றவர்கள் தள்ளுவதற்கு ஆயத்தமாக மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். தள்ள வேண்டிய தேவையே வரவில்லை. பொத்தன் பைக்குள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவி, "ஐயா, இடம் கிடக்குது. என்னையும் போட்டுக் கட்டிடலாம்" என்றான்.

"உன்னைப் போட்டா திரும்ப வாய் மூடாது. கட்டுடா" என்றார் இளநாகர். கட்டிய முடிச்சை இருமுறை இழுத்துப் பார்த்தார்.

கணுக்கால் அளவு நீரில் நின்று, மிச்சமிருந்த ஒரு பாய் அகல மணலில் அலர்நங்கை உடன்படிக்கை நீரை வார்த்தார். இவ்வோலை எழுதப்படும் இந்நேரம், உப்பேற்றிய படகுகள் நம் படகைக் கடந்து மலைநோக்கிப் போகின்றன. படகோட்டிகளின் பாட்டு காதில் விழுகிறது.

இனி நம் தீர்ப்பு. நம் முத்திரை அன்று எதைக் காத்தது என்று எண்ணிப் பார்த்தோம். நாம் உள்ளே இல்லை. நம் படுக்கையும் விளக்கும் முன்பே படகேறிவிட்டன. காற்றுக்குக் காவல் நின்ற அரக்கு, ஒரு மலை முழுவதன் உப்புக்குக் குறுக்கே நின்றது. எனினும் நெறி நெறியே. அதைக் காக்க எழுந்த உங்களை நாம் குறை கூறோம். உடைக்காமலே முடித்திருக்க வழி இருந்தது என்றால் இளநாகர் பிழை செய்தவர். இல்லை என்றால் பிழை வழக்கத்தினுடையது. ஓலைமேல் ஓலை எழுதி இதைத் தீர்க்க இயலாது.

ஆகவே அதே கூடாரத்தையும் அதே பையையும் இவ்வோலையோடு அனுப்புகிறோம். கூடாரத்தைச் சபை முற்றத்தில் அடித்து நிறுத்த ஆட்கள் உடன் வருகிறார்கள். வாசலை மூடி முத்திரையிட நம் மோதிரத்தோடு வருபவர் நம் தங்கையார். அவர் முத்திரை வைத்ததும் ஆட்கள் விலகிக்கொள்வார்கள். பெரியோர் ஐவரும் தத்தம் கையால், கோணூசி இன்றி, கத்தி இன்றி, குடிகள் காண அதைப் பிரித்துப் பைக்குள் இட்டு, விளக்கேற்றும் வேளைக்குள் வாய் கட்டுக. கட்டிவிட்டால் இளநாகரின் மோதிரம் உங்களுடையது. நீங்கள் கண்ட வழியை நாடெங்கும் கற்பிப்போம். முடியாது எனக் கண்டால், முத்திரையை உடைக்கும் உரிமையை ஐவருள் மூத்தவருக்கு வழங்குகிறோம். உடைத்தபின் அவருடைய மோதிரத்தைக் குறித்து அவரே நமக்கு எழுதுக. அவ்வாறு எழுத நேர்ந்தால், இனி அரச முத்திரை கூடாரத்தின் வாசலில் அன்றிப் பையின் வாயில் இடப்படும் என்னும் புதிய நெறியையும் அதே ஓலையில் சேர்த்தெழுதுக. அதுவரை இளநாகர் தம் இருக்கையில் இருப்பார். மோதிரத்தை நாமே அவர் விரலில் அணிவித்தோம். சரியான விரல்தானா என்று அவர் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

இது நம் ஆணை. சுனை வற்றாதவரை இது நிற்க. மறுப்பவர் உண்ணும் சோற்றில் உப்புக் குறைக.

மேலைப் படித்துறையில், உப்புப் படகுகள் ஏறிய நாளில், வெண்கோட்டு மாதேவி திருவாய் மலர எழுதப்பட்டு அரச முத்திரை இடப்பட்டது. ஓலையின் முத்திரையை உடைத்துப் படிக்கச் சபையோருக்கு முழு உரிமை உண்டு. கூடாரத்தின் முத்திரை மட்டும் உடையாமல் பைக்குள் போகட்டும்.