கால் அசையாமல் ஏறிய முள்

அன்புள்ள உமாதேவிக்கு,

ஷார்ஜாவில் நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று பட்டறையில் ஒரு டர்போ காரை ஓட்டிப் பார்த்தேன். அகலமான சைலன்சரும் திறந்த ஏர் ஃபில்டரும் மாட்டியிருந்தார்கள். அதற்கேற்ப எஞ்சின் கம்ப்யூட்டரைத் திருத்தவில்லை. எஞ்சினின் மூச்சு தாராளமானதும் டர்போ அதற்குள் அளவுக்கு மேல் காற்றை அமுக்கியது. ஆக்ஸிலேட்டரில் வைத்த காலை நான் அசைக்கவில்லை. ஆனாலும் அந்தக் காற்றழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் முள் ஏறியது, என் கால்மேல் வேறொரு கால் இருப்பதுபோல. மெல்லிய ஊளை கேட்டது. எஞ்சின் உடையுமுன் நிறுத்திவிட்டேன். பயப்படாதே.

இன்று போனில் உன் குரலுக்குப் பின்னால் அதே ஊளை. “தம்பி காருக்குப் பெரிய சைலன்சர் பைப்பு மாட்டிருக்கான்” என்றாய்.

“மாமா பாடம் நல்லா எடுப்பாக, வண்டிதான் ஓட்டத் தெரியாது” என்று போன லீவில் சொந்தக்காரர்கள் நடுவே சிரித்தவன்தானே உன் தம்பி விஜயபாண்டி. நீயும் சிரித்தாய். நான் சொன்னால் கேட்கமாட்டான்.

வீரபாண்டித் திருவிழாவுக்கு நம் மகளை அவன் காரில் ஏற்றாதே. பஸ்ஸில் கூட்டிப் போ, ஏறியதும் என்னைக் கூப்பிடு. கண்டக்டர் குரல் கேட்டால்தான் நம்புவேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

தங்கப்பாண்டியன்