டவர் இல்லாத ஊரில் சார்ஜ்

கடலூர்,
6.1.2012

அன்புள்ள மாமாவுக்கு,

மகேஸ்வரி எழுதுவது. நம் பாப்பா ப்ரீத்தி பிழைத்துவிட்டாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மஸ்கட்டில் நீங்கள் நலமா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

புயல் செய்தியை டிவியில் பார்த்திருப்பீர்கள். மேல்பட்டாம்பாக்கத்தில் நம் வீட்டு ஓடுகள் கொஞ்சம் பறந்தன. கரண்ட் இல்லை, செல்லுக்கு டவரும் இல்லை. இங்கே கடலூரிலும் அதே கதைதான். அதனால்தான் கடிதம்.

வார்டு தேர்தலில் தோற்றதிலிருந்தே உங்கள் அண்ணனுக்கு ஊருக்கு நல்லது செய்யும் ஆசை அடங்கவில்லை. நீங்கள் வாங்கிப்போட்ட லோடு வண்டியின் பேட்டரியில் இன்வெர்ட்டரை மாட்டி, தெரு முழுக்கச் செல்லுக்குச் சார்ஜ் போட்டுக் கொடுத்தார். டவர் இல்லாத ஊரில் சார்ஜ் ஏற்றி என்ன செய்வார்கள்? பாட்டு கேட்டார்கள். அதோடு விட்டாரா? சாயங்காலமானால் டிவி, டிவிடி, ஃபேன் எல்லாம் அதே பேட்டரியில். தெருவே கூடிப் படம் பார்த்தது. பாப்பாவுக்கு மூச்சிழுப்பு வந்தால் இந்த வண்டியை விட்டால் நாதியில்லை, இப்படிக் கரண்ட் எடுத்துக்கொண்டே இருந்தால் பேட்டரி இறங்கிவிடும், நடுநடுவே இன்ஜினையாவது ஓடவிடுங்கள் என்று சொன்னேன். டீசல் என்னா உங்கப்பன் வீட்லேர்ந்தா வருது, பேட்டரிய பத்தி உனக்கு என்னா தெரியும் என்று கேட்டார்.

திங்கட்கிழமை விடியும்போது அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. உதடு நீலம் பாரித்துவிட்டது. உங்கள் அண்ணன் சாவியைத் திருப்பினார், வண்டி முனகியதோடு சரி. தள்ளி ஸ்டார்ட் செய்யலாமென்றால், விழுந்து கிடந்த மரங்களுக்கு நடுவே ஓடித் தள்ள இடமில்லை. படம் பார்த்த அத்தனை பேரும் ஃபுல் சார்ஜ் செல்லோடு சுற்றி நின்றார்கள். நூற்றியெட்டைக் கூப்பிட ஒருவராலும் முடியவில்லை. கடைசியில் மெயின் ரோட்டுக்கு ஓடி, கரண்ட் கம்பம் ஏற்றி வந்த லாரியை மறித்து, அதில்தான் பிள்ளையைக் கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன்.

நேற்று உங்கள் அண்ணன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். புள்ளதான் நல்லாயிடிச்சே, தம்பிக்கு எதுக்கு இதெல்லாம் எழுதிக்கிட்டு என்றார். அந்தப் பழத்தை அவர் மேலேயே வீச வேண்டும் போலிருந்தது.

உங்களையும் நான் விடப்போவதில்லை. எதைச் சொன்னாலும் அண்ணன் பாத்துக்குவாரு என்பீர்கள். பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான். டவர் வந்ததும் போன் போட்டு, வண்டிச் சாவியை என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள். டிரைவரை நானே வைத்துக்கொள்கிறேன். அவரிடம் தன்மையாகப் பேசாதீர்கள். குழம்பில் உப்பு குறைந்தால் என்னிடம் கத்துவீர்களே, அப்படிப் பேசுங்கள்.

மாரியம்மன் உங்களுக்கு ஒரு குறையும் வைக்காமல் காப்பாற்றட்டும். இந்த ஒரு தடவை எங்களுக்காகக் கோபப்படுங்கள் மாமா.

இப்படிக்கு,
மகேஸ்வரி