நீலம் பூசிய தாய்க்குரங்கு

ஏப்ரல் 2, புதன்

வெயில் இப்போதே தாங்கவில்லை. காலையில் மோட்டார் போட்ட கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. கீழ்ப் பக்கத்து பெங்களூரா மாமரங்களுக்குத் தண்ணீர் போகவில்லை.

குரங்குக் கூட்டம் மறுபடியும். பிஞ்சு இப்போதுதான் எலுமிச்சை அளவு. தின்று தொலைத்தால்கூடப் பரவாயில்லை. ஒரு கடி, கீழே. அடுத்ததைப் பறித்து ஒரு கடி, அதுவும் கீழே. இரண்டு கூடை பொறுக்கினேன், எச்சில் பட்டது, ஊறுகாய்க்கும் ஆகாது.

பட்டாசு வைத்தாயிற்று. புத்தூரிலிருந்து புலி பொம்மை வாங்கிக் கட்டினோம். அதன் வாலைப் பிடித்து ஊஞ்சல் ஆடுகின்றன.

கடைசி வழி என்று என் வீட்டுக்காரர் இன்று அதையும் செய்துவிட்டார். கூட்டத்தில் ஒன்றைப் பிடித்து, பெயிண்ட் அடித்து, கழுத்தில் சலங்கை கட்டி விட்டுவிடுவது. மற்றவை அதைப் பார்த்துப் பயந்து ஓடும். அது தன் கூட்டமாயிற்றே என்று பின்னாலேயே ஓடும். இது ஓட அவை ஓட, எல்லாம் மலை தாண்டிப் போய்விடும். இந்தப் பக்கத்துத் தோப்புக்காரர்களுக்குத் தெரிந்த வழிதான். கூண்டு பக்கத்துத் தோப்பு ரெட்டப்பாவுடையது.

வேர்க்கடலைக்கு ஆசைப்பட்டு ஒன்று சாயந்திரம் மாட்டியது. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடித்த நீல பெயிண்ட் அரை டப்பா இருந்தது. ரெட்டப்பா தலையில் சாக்கைப் போட்டு அமுக்கிப் பிடிக்க, இவர் அடித்தார். பிரஷ் எடுத்துக் கொடுத்தது நான்தான்.

"மொகானிக்கி கூடா வெய்யண்ணா" என்றார் ரெட்டப்பா, முகத்துக்கும் அடி என்று. முகத்திலும் இரண்டு இழுப்பு.

சுவர் மேல் ஒரு சின்னக் குரங்கு நின்று கத்திக்கொண்டே இருந்தது. இவர் கல்லெடுத்து விரட்டினார்.

ஏப்ரல் 3, வியாழன்

பலித்துவிட்டது. சிரித்துச் சிரித்து வயிறு வலி.

நீலக் குரங்கு மரத்தில் ஏறியதுதான் தாமதம், கூட்டம் மொத்தமும் அலறிக்கொண்டு ஓட்டம். எதைப் பார்த்து ஓடுகின்றன என்று அதற்கு விளங்கவில்லை. என்னவோ ஆபத்து வருகிறது என்று அதுவும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறது. ஜல் ஜல் என்று சத்தம் வேறு.

"பாத்தியாமே, உன் புருசன் மூளைய?" என்றார்.

"இத்தினி நாளா எங்க வெச்சிருந்த?" என்றேன்.

மத்தியானத்துக்குள் தோப்பு அமைதி. வாங்க வேண்டியது: மாட்டுக்குத் தவிடு, பல்பு, பச்சைமிளகாய்.

ஏப்ரல் 5, சனி

கூட்டம் மலைப்பக்கம் போய்விட்டது. நீலக் குரங்கு மட்டும் திரும்பி வந்திருக்கிறது. மோட்டார் ரூம் கூரையில் உட்கார்ந்திருக்கிறது. காதில் கிழிசல், தொடையில் கடித்த காயம். சொந்தக் கூட்டம்தான் கடித்திருக்கும்.

துணி உலர்த்தப் போனபோது கிட்டத்தில் பார்த்தேன். மார்க்காம்பு நீளமாகத் தொங்குகிறது. பால் கொடுத்த மார்.

அப்புறம்தான் வேப்பமரத்தில் இருந்த குட்டியைக் கவனித்தேன். பூனை அளவு. அன்றைக்குச் சுவரில் நின்று கத்தியது இதுதான். கூட்டத்தோடு போகாமல் தங்கிவிட்டது. ஆனால் தாய் கிட்டே போனால் வீறிட்டு அடுத்த மரத்துக்குத் தாவுகிறது. தாய் நின்றால் அதுவும் நிற்கிறது. விட்டுப் போகவும் மாட்டேன் என்கிறது, கிட்டே வரவும் மாட்டேன் என்கிறது. நாள் முழுக்க ஒரு மரம் தள்ளியே இருந்தது.

இவரிடம் கத்தினேன். "யோவ், அது பொட்டச்சி. புள்ளக்காரி. பாக்காமலா பெயிண்ட் அடிச்ச?"

"சாக்குல மூடிக்கினு இருந்துது. எனக்கு இன்னா தெரியும்?"

எனக்கு முந்தாநாள் சிரித்த சிரிப்பு நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

ராமநவமி. ஊர் ஆஞ்சநேயர் கோவிலில் பானகமும் வடபப்பும். கும்பிடவே கூச்சமாக இருந்தது.

வடபப்புக்கு ஊறவைத்த பயற்றில் கொஞ்சம் கொண்டுவந்து இரண்டு இலையில் வைத்தேன். கூரைக்குக் கீழே ஒன்று, வேப்பமரக் கவட்டில் ஒன்று. தாயும் பிள்ளையும் தனித்தனியாகத் தின்றன, ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டே.

நீலக் குரங்கைப் படம் பிடிக்க ஊர் சனம் செல்போனோடு வந்தது. கூடவே பாரஸ்ட் ஆள் ஒருவர். நான் தீனி வைப்பதைப் பார்த்துத் திட்டினார். "அலவாட்டு செய்யொத்தம்மா. அடவி ஜந்துவுனி அடவிகே வதிலேயண்டி." பழக்கப்படுத்தாதே, காட்டு ஜீவனைக் காட்டுக்கே விட்டுவிடு என்று.

நியாயமான பேச்சு. காட்டில் இருந்தபோது நாங்கள் எங்கே விட்டோம்? இப்போது காடு அதைச் சேர்க்கமாட்டேன் என்கிறது. இனி யார் பொறுப்பு?

ஏப்ரல் 9, புதன்

இன்று நடந்ததை எழுதவே கை வரவில்லை.

பெயிண்டை எடுத்துவிட்டால் குட்டி சேர்ந்துவிடும் என்று இவருக்குத் தோன்றியிருக்கிறது. நல்ல எண்ணம்தான். கூண்டைத் திறந்து வைத்தார். கடலைகூட வைக்கவில்லை. அது தானாக நடந்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

முதலில் சலங்கையை அறுத்தார். பிறகு துணியைத் தின்னரில் நனைத்துத் துடைத்தார். பெயிண்ட் கடையில் கைக்குத் துடைப்பார்களே, அது. நான் தேங்காய் எண்ணெய் போடலாம் என்று சொல்லச் சொல்ல, "எண்ணெக்கி எனாமல் போவுமாமே?" என்றார். அது போட்ட கூச்சல் எந்த ஊருக்கும் கேட்டிருக்கும். முகத்தில் நீலம் போனது. முதுகில் மயிரோடு தோலும் வழன்று வந்தது. அதைப் பார்த்துத்தான் நிறுத்தினார்.

எண்ணெய் தடவி விட்டேன். கடிக்கவில்லை. கடிக்கக்கூடத் தெம்பில்லை.

ராத்திரி சோற்றுத் தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

ஏப்ரல் 12, சனி

மேகமூட்டம். மழை இல்லை. மாடு கால் படி பால் குறைத்துவிட்டது.

இன்று ஒரு நல்லது. சலங்கைச் சத்தமும் இல்லை, முகத்தில் நீலமும் இல்லை. குட்டி வேப்பமரத்திலிருந்து இறங்கிக் கூரைக்கே வந்துவிட்டது!

தாய் அசையவே இல்லை. முதுகுப் புண்ணில் ஈ மொய்க்கிறது, அதைக்கூடத் தட்டிவிடவில்லை. அசைந்தால் ஓடிவிடுமோ என்று பயம். குட்டி உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து வந்தது. வாலைத் தொட்டது. தொட்ட கையை மோந்து பார்த்தது. தின்னர் நாற்றமாயிருக்கும், ஒரே தாவலில் மரத்துக்குப் போய்விட்டது. ஆனால் தொட்டது. என் கண்ணால் பார்த்தேன்.

அடுப்பில் பால் பொங்கி மொத்தமும் வழிந்துவிட்டது. போகட்டும்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. வேப்பம்பூ பச்சடி, வடை. ரெட்டப்பா வீட்டுக்கு உகாதி போன மாதமே முடிந்துவிட்டது, ஆனாலும் வடை கொடுத்தேன். தின்றுவிட்டுக் கேட்கிறார்: "ஒதினா, ஆ கோத்தினி நா தோட்டலோ வதலண்டி. இங்கா நீலம் உந்தி கதா." முதுகில் இன்னும் நீலம் இருக்கிறதே, அந்தக் குரங்கைத் தன் தோப்பில் விடுங்கள், அங்கே இருக்கும் கூட்டமும் ஓடட்டும் என்று. கொடுத்த வடையைப் பிடுங்கலாமா என்று வந்தது.

முதுகுப் புண்ணில் சீழ். கிட்டே போனாலே நாற்றம். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடக்கிறது. வடையையும் தொடவில்லை.

"திருப்பதி மாட்டாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலாம்" என்றேன்.

"வாணாமே. குட்டி இப்பத்தான் கிட்ட வருது. இந்த நேரத்துல பிரிச்சா? புண்ணு தானா ஆறும், வுடு."

"புழு வெச்சி செத்துப்பூடும். செத்த பொணத்துகிட்ட குட்டி வந்து இன்னா பண்ணும்?"

"ஒரு தடவ கைவெச்சோம், இப்டி ஆச்சி. ரெண்டாந் தடவையும் கைவெக்கணும்ன்ற. எனக்கு பயமா கீதுமே."

பயம் என்று அவர் வாயால் கேட்டதில்லை. எனக்கும் பயம்தான். ஆனாலும் நான் விடவில்லை. நாளைக்குப் போவது என்று நான்தான் முடிவு செய்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ரெட்டப்பாவின் லோடு ஆட்டோ. கூண்டைச் சாக்கால் மூடிக் கட்டினோம். வடமாலப்பேட்டை தாண்டும்வரை உள்ளே சத்தமே இல்லை, உயிர் இருக்கிறதா என்று இரண்டு தடவை சாக்கை விலக்கிப் பார்த்தேன்.

டாக்டரம்மா சின்ன வயது. யார் பெயிண்ட் அடித்தது என்று கேட்கவில்லை. முதுகைப் பார்த்துவிட்டு இவரைப் பார்த்தார், இவர் தரையைப் பார்த்தார். ஒரு வாரம் இங்கேயே இருக்கட்டும், மயிரையும் மழித்து மருந்து போட வேண்டும் என்றார். மாரைப் பார்த்துவிட்டு, "பில்ல உந்தா?" என்றார்.

குட்டி இருக்கிறது, பிடிக்க முடியாது, மரத்தில் இருக்கிறது என்றேன். ஆறினதும் சீக்கிரம் கொண்டுபோய் விட்டுவிடுங்கள், அதுவரை குட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

கூட்டம் சேர்த்துக்கொள்ளுமா என்று கேட்டேன். "செப்பலேமம்மா." சொல்ல முடியாதாம். முதலில் பிழைக்கட்டும் என்றார்.

இருட்டுவதற்குள் வீடு வந்தோம். கூண்டு இருந்த இடத்தில் குட்டி உட்கார்ந்திருந்தது. தரையில். வந்த நாளாகத் தரையில் இறங்காத குட்டி.

ஏப்ரல் 17, வியாழன்

கூரையில் வாழைப்பழம் வைத்தால் அங்கே போகமாட்டேன் என்கிறது. கூண்டு இருந்த இடத்தை மோந்து பார்க்கிறது, கூரைக்குப் போகிறது, மறுபடி தரைக்கு வருகிறது. கத்துகிறது. தாய் கிட்டே இருந்தபோது பயந்து கத்தியது. இந்தக் கத்தல் வேறு.

செங்கல் சூளைப்பக்கத்து நாய்கள் இரண்டு வந்து நின்றன. விரட்டினேன். இவர் கட்டிலைக் கொண்டுபோய் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தார். அத்தனை கொசுவில்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம். தாய் தின்கிறதாம். சீழ் நின்றுவிட்டதாம்.

ஏப்ரல் 19, சனி

குட்டி போய்விட்டது.

காலையில் நான் தவிடு கலக்கிக்கொண்டிருந்தேன். இவர் மோட்டார் போடப் போயிருந்தார். நாய்ச் சத்தம் கேட்டு ஓடினேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கூண்டு இருந்த அதே இடத்தில்.

விஷயம் தெரிந்து ஊர் வந்தது. குரங்கு செத்தால் ஆஞ்சநேயர் செத்த மாதிரி இங்கே. மஞ்சள் தண்ணீர் ஊற்றி, குங்குமம் வைத்து, புது வேட்டித் துண்டு போர்த்தி, சாமந்தி மாலை போட்டார்கள். ரெட்டப்பா தேங்காய் உடைத்தார். வேப்பமரத்தடியில் குழி. இவரே வெட்டினார், யாரையும் மண்வெட்டியைத் தொட விடவில்லை.

உயிரோடு இருந்தால் பெயிண்ட், செத்தால் மாலை. வாய்விட்டே சொல்லிவிட்டேன். ஒரு பெண், "அப்படி பேசாதக்கா, சாமி" என்றாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

தலைவலி. சமைக்கவில்லை. பழைய சோறு.

கொண்டுபோகாமல் இருந்தால் தாய் செத்திருக்கும். கொண்டுபோனதால் பிள்ளை செத்தது. எதைச் செய்திருந்தாலும் ஒன்று போயிருக்கும் என்கிறார் இவர். என்னைத் தேற்றுவதற்குச் சொல்கிறார். "நான் வாணாம்னேன்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஆறியிருப்பேன்.

பாரஸ்ட் ஆள் சொன்னபடி விட்டிருக்க வேண்டுமா? அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு எப்படி விடுவது? தெரியவில்லை. தாய் பிழைத்ததற்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை.

பிஞ்செல்லாம் நன்றாகப் பிடித்திருக்கிறது. ஒரு குரங்குகூட வரவில்லை. இந்த வருஷம் காய்ப்பு அமோகம் என்கிறார்கள் பார்க்கிறவர்கள்.

ஏப்ரல் 23, புதன்

காலையிலிருந்து அனல் காற்று.

திருப்பதி போய்க் கூட்டிவந்தோம். முதுகு மழித்து, தோல் ரோஸ் நிறமாக ஆறியிருக்கிறது. நீலம் ஒரு துளி இல்லை. டாக்டரம்மா முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "பில்லதக்கர வதலண்டி" என்று தட்டிக் கொடுத்தார். குட்டியிடம் விடச் சொல்கிறார். நான் சரி என்று தலையாட்டினேன்.

வழியெல்லாம் ஒரே யோசனை. வேறெங்காவது மலையடியில் விட்டுவிடலாமா? "தெரியாத எடத்துல வேற கூட்டம் கடிச்சே கொன்னுடும்" என்றார் இவர். கடைசியில் வீட்டுக்கே கொண்டுவந்தோம்.

கூண்டைத் திறந்ததும் நேராக வேப்பமரம். கிளை கிளையாகப் போய்ப் பார்த்தது. கூரை. மறுபடி மரம். அப்புறம் அடுத்த மரம், அதற்கடுத்தது. ஒவ்வொன்றிலும் நின்று ஒரு குரல், பதிலுக்காகக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறது, மறுபடி ஒரு குரல்.

பொழுது சாய்ந்தும் நிற்கவில்லை. ஜன்னலைச் சாத்தினேன், கேட்டது. டிவி போட்டேன், கேட்டது. மிக்சியை எடுத்து வைத்து, ஒன்றுமே போடாமல் ஓடவிட்டேன்.

"இன்னாமே அரைக்கிற இத்தினி நேரமா?" என்றார் வாசலிலிருந்து.

"சட்னி" என்றேன்.