அத்திமரத்துக்காகச் சொன்ன சாட்சி

ஜெருசலேம்
பஸ்கா பண்டிகை கழிந்த மூன்றாம் நாள்

அன்பு மருமகன் நஃப்தலிக்கு, ஆன்ட்வெர்ப் குளிரிலும் நீ சுகமாயிருக்க வேண்டி உன் தாய்மாமன் ஃபைவிஷ் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி.

இதெல்லாம் நடக்கும் என்று முன்பே சொன்னவன் நான். மாடிக்காரன் பெரிஷ் வேன் வாங்கிய அன்றே, "இவன் கண்ணு எங்க அக்காவோட அத்திமரத்து மேலதான்" என்று ரொட்டிக் கடையில் இருபது பேர் கேட்கச் சொன்னேன். ஐம்பது பேர்கூட இருக்கும்.

அந்த மேதையை உனக்குத் தெரியுமே. எதையும் வீணாக்காதே என்பது நம் வேதமான தோராவின் கட்டளை என்று வியாழன்தோறும் ஜெபாலயத்தில் தொண்டை கிழியப் பேசுவான். ஓய்வுநாள் முடிந்தால் அவன் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் தட்டு மட்டும் நான்கு மூட்டை குப்பைக்கு வரும். நம் முறைப்படி இறைச்சிப் பாத்திரம், பால் பாத்திரம் என்று தனித்தனியாகக் கழுவ அலுப்பாம்! இவனுக்கு வேன் நிறுத்த, மரம் நிற்கிற நம் முற்றம் வேண்டும். பழமரத்தை வெட்டுவது பாவம் என்பதால், மரம் காய்ப்பதில்லை என்று, தீர்ப்புச் சொல்லும் நம் மதகுரு ரபி எல்யாகிமிடம் அனுமதி கேட்டான்.

ரபி நேரிலேயே பார்க்க வந்தார். நான் சட்டத்தை எடுத்துவிட்டேன் பார்! முற்றுகைப் போரிலேயே எதிரியின் பழமரத்தை வெட்டக் கூடாது, இவன் வேன் என்ன யானைப் படையா என்று கேட்டேன். இலைக்கடியில் பிஞ்சுகளை எண்ணிக் காட்டினேன். எழுநூறு.

"காய்க்குது, சரி. பறிக்கிறது யாரு? போன வருஷம் அத்தனையும் தரையில அழுகி ஈ மொய்ச்சுது. அதுதானே ரபி வீணாக்குறது?" என்றான் பெரிஷ். கழுதை. ஆனால் ரபி தாடியைத் தடவினார்.

"ஹிந்தாம்மா, உன்னால ஏணி ஏற முடியுமா?" என்று உன் அம்மாவைக் கேட்டார்.

அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

நான் விடுவேனா? "அவ மகன் வர்றான் ரபி! ஊரோட வந்துடறேன்னு அழுது எழுதியிருக்கான்!" என்று சட்டைப்பையைத் தட்டினேன்.

"அப்ப மரம் நிக்கட்டும். கோடையில அவன் வந்து பறிக்கலைன்னா பெரிஷ் வெட்டிக்கட்டும்" என்று தீர்ப்பாயிற்று. பெரிஷ் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், புளித்த மாவு மாதிரி.

நஃப்தலி, மற்றதில் கொஞ்சம் கூட்டியிருப்பேன். அந்தக் கடிதம் மட்டும் முழுப் பொய். பையில் இருந்தது மூக்குப்பொடி டப்பி. ஆறு வருஷமாக நீ யாருக்கும் ஒரு வரி எழுதவில்லை. பெரிஷ் ஏமாந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். பக்கத்தில் நின்ற உன் அம்மாவும் நம்பிவிட்டாள். நேற்று உன் மெத்தையை வெயிலில் போட்டாள். இன்றும் போட்டிருக்கிறாள். அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எனக்கே!

ஆகஸ்டில் பழம் கனியும். ஆண்டவர் உன் வழியைக் காக்கட்டும். அந்த ஒரு பொய்யையாவது நீ வந்து உண்மையாக்கிவிடு.

உன் மாமன்,
ஃபைவிஷ்