இரண்டாவது சாவி

அன்புள்ள நெட்டிக்கு,

நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் பத்து விரல், இரண்டு கண், இரண்டு காது எல்லாம் அதது இருக்கிற இடத்தில் இருக்க, நலமாயிருக்கிறாய் என்று ஒரு வரி எழுதிவிட்டால் எனக்கும் தூக்கம் வரும். போனில் கேட்டிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் "சரிப்பா, சரிப்பா, கிளாசுக்கு நேரமாச்சுப்பா" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது, குப்பையில் போட்டாலும் ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவாய். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் ஒருவழியாகப் பகல் வேலை கிடைத்துவிட்டது, முட்டி வலி மட்டும் போகவில்லை. போன வாரக் காற்றில் நம் கொட்டகைத் தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்து பக்கத்து டிரெய்லர் வீட்டின் கூரையில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தம்மா வெளியே வந்து "வெர்ன், உன் ராக்கெட்டெல்லாம் நேரா மேல போகும்னுல்ல சொன்ன?" என்று கேட்டாள். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போதெல்லாம் சிரிப்பது எனக்குக் கொஞ்சம் வேலை மாதிரி ஆகிவிட்டது, அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நீ அனுப்பிய படம் வந்தது. பனி மூடிய வயலில் நீ காஸ் சிலிண்டர் பக்கத்தில் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு நிற்கிறாய், பின்னால் உன் கல்லூரி ராக்கெட் குழுவின் பெயர் போட்ட பெரிய துணி. அம்மா உடனே அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டாள், வருகிறவர்களிடமெல்லாம் "என் பொண்ணு, மிஷிகன்ல ராக்கெட் விடறா" என்கிறாள். நான் முதல் நாள் உன் முகத்தைத்தான் பார்த்தேன். இரண்டாம் நாள் காபி குடித்துக்கொண்டே சிலிண்டரைப் பார்த்தேன். அதன் பிறகு படத்தைக் கழற்றி வேலைக்கு எடுத்துக்கொண்டு போய், சாப்பாட்டு இடைவேளையில் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். உள்ளே அடிவரை இறங்கும் குழாய் இல்லாத சிலிண்டர் என்பதால் திரவம் வரட்டும் என்று தலைகீழாக மரச்சட்டத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள், அது சரி. ஆனால் அவ்வளவு கனத்தையும் நடுவில் ஒரே ஒரு பட்டை பிடித்துக்கொண்டிருக்கிறது, அதுவும் கூரைமேல் சாமான் கட்டுகிற கார்ப் பட்டை. மேலே ஒன்று கீழே ஒன்று வேண்டும், சங்கிலியாக இருக்க வேண்டும். வால்வின் மூடி எங்கே, படத்தில் எங்கும் காணோம். வால்வு மரையில் வெள்ளை டேப் சுற்றியிருக்கிறது. அது தண்ணீர்க் குழாய் இல்லை நெட்டி, அந்த இணைப்பு இரும்போடு இரும்பு உட்கார்ந்து அடைக்கிற இணைப்பு, டேப்பால் ஒரு பயனும் இல்லை, அது பிய்ந்து துணுக்குத் துணுக்காக உள்ளே போகும். இதெல்லாம் விட, சிலிண்டரின் வயிற்றில் ஒரு ஹீட்டர் பெல்ட். குளிரில், ராக்கெட்டில் ஏற்றுகிற நைட்ரஸ் காஸின் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று சொன்னாய், இறங்கத்தான் செய்யும். அதற்கு முந்தின நாளே சிலிண்டரை நாலு பேர் உட்காரும் கதகதப்பான அறையில் வைத்து, கிளம்பும்போது போர்வை சுற்றி எடுத்துப் போங்கள். சூடு எவ்வளவு ஏறுகிறது என்று தெரியாமல் பெல்ட்டைச் சுற்றிவிட்டு அதன் பக்கத்தில் நின்று என் மகள் கட்டைவிரலைக் காட்டிச் சிரிக்கிறாள்.

அப்பாவுக்கு வயதாகிறது, பயப்படுகிறார் என்று நினைக்காதே, நீ பிறந்தபோது எனக்குப் பத்தொன்பது, இப்போதும் நாற்பது ஆகவில்லை. நீ பிறந்த வருடம்தான் இந்த காஸ் கிடங்கில் சேர்ந்தேன், அன்றிலிருந்து தினமும் சிலிண்டரோடுதான் குடித்தனம். ஹாலிஸை உனக்கு ஞாபகம் இருக்கும், என்னோடு லாரியில் போவான், உனக்கு ஆரஞ்சு மிட்டாய் கொண்டுவருவான். மூடி திருகி மாட்டினால் ஒரு லோடுக்கு இருபது நிமிடம் வீணாகிறது என்று மேற்பார்வையாளர் சொன்னதால் மூடி இல்லாமலே இறக்கினார்கள், ஒன்று சாய்ந்தது, வால்வு ஒடிந்தது, சிலிண்டர் ஹாலிஸின் காலை முறித்துவிட்டுச் செங்கல் சுவரைத் துளைத்துக்கொண்டு சாலையைத் தாண்டிப் போய் விழுந்தது. கம்பெனி அறிக்கையில் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். ஹாலிஸ் இன்றும் கோல் வைத்து நடக்கிறான், மேற்பார்வையாளருக்குப் பெரிய அலுவலகத்தில் மேசை கிடைத்தது. அன்று சாயந்திரம் நான் வீட்டில் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தபோது மூன்றாம் வகுப்புப் படிக்கிற நீ ஓடிவந்து "அப்பா, அது ராக்கெட் மாதிரியே போச்சாமே!" என்று கண்ணை விரித்தாய். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்த நினைப்பை உன் மனசிலிருந்து மாற்ற வேண்டுமென்று முதன்முதலாக ராக்கெட் கிளப் கூடுகிற வறண்ட ஏரிக்குக் கூட்டிப்போய் நிஜ ராக்கெட்டைக் காட்டினேன். உன்னை இந்த ஆசையில் இறக்கிவிட்டதே என் பயம்தான். இதை இதற்கு முன் உன்னிடம் சொன்னதில்லை.

இன்னொன்றையும் கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. உங்கள் குழுவில் பதினான்கு பேர் என்றாய். சிலிண்டரைத் திறக்கப் போவது எப்போதும் நீதான் என்றும் பெருமையாகச் சொன்னாய். "எல்லாரும் என்னத்தான் நம்பறாங்கப்பா, கிரேடன்கூட சொல்றான், நெட்டி காஸ் கிடங்குலயே வளந்தவ, அவளுக்குத்தான் கை பழக்கம்னு." கிரேடன் யார், போன கோடையில் அவன் அப்பாவின் படகில் எல்லோரையும் அழைத்துப்போனானே, அவன்தானே? அவன் வண்டிக்குள் ஹீட்டர் போட்டுக்கொண்டு கணினியில் எண்களைப் பார்ப்பான், இரும்பைத் தூக்கிக்கொண்டு பனியில் நடப்பது மட்டும் சிலிண்டர்காரன் மகளா? அதற்குப் பெயர் நம்பிக்கை இல்லை. கணக்கு உனக்கும் வரும், அவனைவிட நன்றாக வரும், நீ உதவித்தொகையில் படிக்கிறாய், அவன் அப்பாவின் காசோலையில் படிக்கிறான். அந்தத் துணி எத்தனை அடி, நான்கு நிறத்தில் அச்சு வேறு, அதற்கு வழி இருக்கிறது, இரண்டு சங்கிலிக்கு வழி இல்லை. உங்கள் பேராசிரியர் ஒரு தடவையாவது அந்த வயலுக்கு வந்து சட்டத்தைக் கையால் அசைத்துப் பார்த்தாரா? அறையில் உட்கார்ந்தே கையெழுத்துப் போட்டிருப்பார். ஏதாவது நடந்தால் அறிக்கையில் என்ன எழுதுவார்கள் என்பது எனக்கு மனப்பாடம்.

இனி நான் மறைத்த விஷயத்துக்கு வருகிறேன். படத்தை மூன்றாம் தடவை பார்க்கும்போதுதான் ஓரத்தில், தூரத்தில் நின்றே காஸ் ஏற்றி ராக்கெட்டைக் கொளுத்துகிற உங்கள் சுடும் பெட்டி கண்ணில் பட்டது. அதன் வளையத்தில் இரண்டு சாவி தொங்குகிறது. அதை உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். எங்கள் கிளப்பில் பழைய வழக்கம் ஒன்று, உனக்குத் தெரியும்: பெட்டிக்கு ஒரே சாவி, சிலிண்டரிடம் போகிறவன் அதைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். சாவி அவன் பையில் இருக்கிற வரை பெட்டி செத்த பெட்டி, காஸும் ஏறாது, நெருப்பும் வராது. மூன்று வருடம் முன்பு நான் அந்தச் சாவியைப் பையில் போட்டபடியே வீட்டுக்கு வந்துவிட்டேன், மறுநாள் நாற்பது பேர் ஏரியில் வேலையில்லாமல் வெயிலில் காய்ந்தார்கள். அதன் பிறகு கிளப் தலைவர் லூதர் என்னை எங்கே பார்த்தாலும் "என்னடா வெர்ன், சாவிய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் விருந்து வெச்சியா? ராத்திரி எங்க படுத்துச்சு, உனக்கும் உன் பொண்டாட்டிக்கும் நடுவுலயா?" என்று ஆரம்பித்துவிடுவார். அந்த வெட்கத்தில் நானே கடைக்குப் போய் இன்னொரு சாவி வெட்டிக்கொண்டுவந்து பெட்டியின் பின்பக்கம் ஆணியில் மாட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். நீ குழுவில் சேர்ந்தபோது உனக்கும் போனில் சொன்னேன், "ரெண்டு சாவி வெச்சுக்கம்மா, என்ன மாதிரி அவமானப்படாத" என்று. நான் சொன்ன ஆயிரம் புத்திமதியில் நீ தட்டாமல் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

போன அக்டோபரில் ஒரு பெரிய ராக்கெட்டுக்கு நான்தான் காஸ் ஆள். சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நடந்து போய், சிலிண்டர் வால்வை மெதுவாக, ரொம்ப மெதுவாகத் திறந்தேன். திறந்து முடித்து நிமிர்வதற்குள் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்த, பெட்டியிலிருந்து திறக்கிற மின் வால்வு டக் என்றது. குழாய் பாம்பு மாதிரி ஒரு துள்ளு துள்ளியது, ராக்கெட்டுக்குள் திரவம் ஏற ஆரம்பித்துவிட்டது, மேலே சின்னத் துளையில் வெள்ளையாகச் சீறுகிறது. என் கை முதலில் சட்டைப் பைக்குத்தான் போனது. சாவி இருக்கிறது. சாவி என் பையில் இருக்கிறது, பெட்டி உயிரோடு இருக்கிறது. காஸ் ஏற்றும் பொத்தானுக்கு அடுத்த பொத்தான் நெருப்பு, நடுவில் இரண்டு விரல் அகலம்கூட இல்லை. அந்தப் பொத்தான்கள் மேல் யாருடைய கை இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஓடத் தோன்றவில்லை நெட்டி. குனிந்து வால்வை மூடினேன், மூடுவதற்கு எத்தனை சுற்று என்று இருபது வருடமாகத் தெரிந்த கைக்கு அன்று அந்தச் சுற்று முடியவே இல்லை. திரும்பிப் பார்க்காமல் முந்நூறு அடி நடந்து வந்தேன். பெட்டியில் உட்கார்ந்திருந்தவர் புதியவர், பல் வைத்தியர், நல்ல மனிதர். "லைட்டே எரியல வெர்ன், பெட்டி செத்துப்போச்சோன்னு பின்னால ஒரு சாவி இருந்துச்சு, சும்மா போட்டுப் பாத்தேன்" என்றார். முந்தின தடவை காஸ் ஏற்றிய பொத்தானை யாரோ அணைக்காமல் விட்டிருக்கிறார்கள், சாவி திரும்பியதும் வால்வு திறந்துகொண்டது, அவ்வளவுதான். லூதர் "என்னடா, பேயறஞ்ச மாதிரி வர்ற?" என்றார். "வெயிலு" என்றேன். தண்ணீர் பாட்டிலை நீட்டினார், வாங்கிக் குடித்தேன், அவர் ஏதோ சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சொன்னால் அந்தச் சாவியை வெட்டியது யார் என்ற பேச்சு வரும். அதனால் அம்மாவிடம்கூட இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. மேற்பார்வையாளரை இத்தனை வருடம் திட்டுகிற நான், எனக்கென்று வந்தபோது அவனைப் போலவேதான் அறிக்கை எழுதினேன்: ஒன்றும் நடக்கவில்லை.

உன் படத்தில் அந்த இரண்டு சாவியைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை லூதர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கிழவர் என்னை ஒரு கிண்டலும் செய்யவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பிறகு எழுந்து போய், தன் வீட்டிலேயே வைத்திருக்கிற கிளப் பெட்டியின் பின்னால் இருந்த ஆணியையே பிடுங்கிவிட்டு, சாவியை என் உள்ளங்கையில் வைத்து "உன் பொண்ணுக்கு எழுதுடா, இன்னிக்கே எழுது" என்றார். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் படத்தைத் திரும்ப ஃபிரிட்ஜில் ஒட்டவில்லை, கவிழ்த்து மேசையில் வைத்திருக்கிறாள்.

ஆகவே நீங்கள் அடுத்த ராக்கெட் விடப்போகிற பதினான்காம் தேதி சனிக்கிழமைக்கு முன் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கெஞ்சியும் சொல்கிறேன். பெல்ட்டைக் கழற்று. டேப்பைச் சுரண்டி எடுத்து மரையைச் சுத்தமான துணியால் துடை, எண்ணெய் பட்ட கையால் தொடாதே, அந்த காஸ் எண்ணெயைப் பார்த்தால் தீக்குச்சி கேட்காது. சங்கிலி இரண்டு இல்லாவிட்டால் சிலிண்டரை வண்டியிலிருந்து இறக்கவே விடாதே, அந்தத் துணியை விற்றாவது வாங்கச் சொல். சிலிண்டரிடம் போகும் முறையைப் பதினான்கு பேருக்கும் பிரித்துப் போடு, கிரேடனும் ஒரு நாள் பனியில் நடக்கட்டும், நடந்தால்தான் பொத்தானைத் தொடும்போது அவனுக்குக் கை நடுங்கும். காஸ் ஏற மறுத்தால் யாரும் கிட்டே போகாதீர்கள், காலியாகட்டும், ஒரு நாள் வீணாகட்டும், நாற்பது பேர் வெயிலில் காயட்டும், பனியில் உறையட்டும், உன்னைக் கிண்டல் செய்யட்டும். அவமானத்தில் யாரும் சாவதில்லை, எனக்கு அது தெரிய இத்தனை நாள் ஆனது.

இந்த உறையில் எங்கள் இரண்டாவது சாவி இருக்கிறது, பட்டறை வைஸ் இடுக்கியில் பிடித்து வளைத்துவிட்டேன், இனி எந்தப் பூட்டுக்கும் ஆகாது. உங்களுடைய இரண்டாவது சாவியை எனக்கு அனுப்பு. வெறும் உறையில் போடாதே, கிழித்துக்கொண்டு வெளியே விழுந்துவிடும், அட்டை நடுவில் வைத்து ஒட்டு, லூதர் முப்பது வருடம் தபால் கொடுத்தவர், அவர் சொன்னது. யாரிடமாவது மூன்றாவது ஒன்று இருந்தால் அதையும் பிடுங்கி அனுப்பு. நீ அனுப்புவதை நான் வளைக்க மாட்டேன். பதினான்காம் தேதி கிடங்குக்கு லீவு சொல்லிவிட்டேன், விடிந்ததிலிருந்து சமையலறையில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது இங்கே என் கைக்குள்ளும் மற்றது அங்கே உன் பையிலும் இருக்கிற வரைக்கும், நீ அந்தச் சிலிண்டர் பக்கம் குனிந்திருக்கும்போது பெட்டியை உயிர்ப்பிக்க உலகத்தில் ஒருவராலும் முடியாது. எல்லாம் முடிந்து நீ வண்டிக்குள் ஏறியதும் போன் செய். அன்று மட்டும் "சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடாதே.

நீ நினைத்த உயரத்துக்கு உன் ராக்கெட் போகட்டும், நீ தரையில் பத்திரமாய் நில். அம்மா உன் நெற்றியில் முத்தம் வைத்ததாக எழுதச் சொன்னாள்.

சாவிக்காகக் காத்திருக்கும்,
உன் அப்பா
வெர்ன்