வெள்ளிமலையிலிருந்து வந்த முதல் அழைப்பு

செவ்வாய், இரவு.

மலையில் பிரசவத்துக்கு ஜீப் கூப்பிட நான் எழுதிய ஆப் காலையிலிருந்து யாருக்கும் பதில் சொல்லவில்லை. சர்வர் ஓடுகிறது என்றுதான் திரை சொன்னது. வெள்ளிமலையில் நர்ஸாக இருக்கும் செல்வி, "இன்னாடி இது, எத்தினி வாட்டி அழுத்தினாலும் சுத்திக்கினே இருக்குது" என்றாள்.

சாயங்காலம்தான் பிடிபட்டது. சர்வர் தன் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வருவதை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. வெளியிலிருந்து வருவதையும் கேட்கும்படி ஒரு வரியை மாற்றி மறுபடி ஓட்டினேன். உடனே ஓர் அழைப்பு விழுந்தது.

செல்விக்குப் போன் போட்டு, "உன் டெஸ்ட் வந்துடுச்சுடி!" என்றேன்.

"டெஸ்ட் இல்லடி. இங்க ஒரு பொண்ணுக்கு நெஜமாவே வலி எடுத்துடுச்சு. ஜீப்ப அனுப்பு."

அனுப்பினேன். பெண் குழந்தையாம், தாயும் நலமாம்.

கண்ணை மூடினால் மூடுபனிக்குள் ஒரு ஜீப்பின் வெளிச்சம் வளைவு வளைவாக இறங்கிக்கொண்டே இருக்கிறது. அந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைப்பார்களோ?